மீண்டும் முழு ரத்தம்

ரத்தத்தைக் கூறுகளாகப் பிரித்துக் கொடுப்பதே நவீன மருத்துவம் என்றாகிவிட்டது. ஆனால் ரத்தம் கொட்டிச் சாகக் கிடப்பவருக்குப் பழைய முறையே மேலோ என்ற கேள்வி திரும்பவும் எழுந்திருக்கிறது.

இடுப்பெலும்பு நொறுங்கிய ஒருவரின் உடலுக்குள் இரண்டு லிட்டர் ரத்தம் தேங்கிவிடலாம். வெளியில் ஒரு சொட்டும் தெரியாது. உடலில் இருப்பதே சுமார் ஐந்து லிட்டர்தான். 2022இல் இந்தியச் சாலை விபத்துகளில் 1,68,491 பேர் இறந்தார்கள். விபத்துக் காயங்களால் நேரும் மரணங்களில் தடுத்திருக்கக் கூடியவை என்று டாக்டர்கள் கருதுபவற்றில் முதலிடம் ரத்தப்போக்குக்கே.

இப்படி வருபவருக்கு முதலில் ஏறுவது சலைன். அது ரத்த அழுத்தத்தைத் தூக்கிப் பிடிக்கும். ஆனால் ஆக்சிஜனைச் சுமக்காது, ரத்தத்தை உறைய வைக்காது. அளவு மிஞ்சினால் எஞ்சிய ரத்தமும் நீர்த்துப்போகும். உடல் குளிரும், ரத்தத்தில் அமிலம் கூடும், உறையும் சக்தி குறையும். மூன்றும் ஒன்றையொன்று தூண்டிவிடும் இந்தச் சுழலில் சிக்கியவரை மீட்பது மிகக் கடினம்.

பிரித்ததன் கணக்கு

தானமாகப் பெற்ற ரத்தத்தைச் சிவப்பணுக்கள், தட்டணுக்கள், பிளாஸ்மா என்று பிரிப்பதில் நியாயம் இருக்கிறது. தலசீமியா குழந்தைக்குச் சிவப்பணு போதும். ரத்தப் புற்றுநோயாளிக்குத் தட்டணு வேண்டும். ஒருவர் கொடுத்தது மூவருக்கு உதவும். 2002இல் வந்த தேசிய ரத்தக் கொள்கையும் இதையே ஊக்குவித்தது.

ஆனால் காயம்பட்டவர் இழப்பது மூன்றையும்தான். மூன்று பைகளையும் சம விகிதத்தில் ஏற்றினாலும் பழைய ரத்தம் கிடைத்துவிடாது. ஒவ்வொரு பையிலும் பதப்படுத்தும் திரவம் கலந்திருப்பதால், கலவையில் சிவப்பணுக்களின் பங்கு 29 சதவீதம் அளவுக்கு இறங்குகிறது. உறைதல் சக்தி ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்குதான். தவிர, பிளாஸ்மாவை உருக்க அரை மணி நேரம் ஆகலாம். தட்டணுக்கள் ஐந்து நாள்தான் தாங்கும்.

680 பேரிடம் நடத்தி 2015இல் வெளியான அமெரிக்க ஆய்வில், மூன்றையும் சமமாகப் பெற்றவர்களில் 9 சதவீதம் பேர் முதல் 24 மணி நேரத்தில் ரத்தப்போக்கால் இறந்தார்கள். சிவப்பணுக்களை இரு மடங்காகப் பெற்ற பிரிவில் இது சுமார் 15 சதவீதம். 30 நாள் முடிவில் மொத்த இறப்பில் உறுதியான வேறுபாடு தெரியவில்லை. ஆனாலும் ஒரு கேள்வி பிறந்தது: பிரித்ததை மறுபடி சேர்ப்பதற்குப் பிரிக்காமலே கொடுத்தால் என்ன?

போர்க்களப் பாடம்

போர்க்கள டாக்டர்களுக்கு இது புதிதல்ல. முதல் உலகப் போரில், 1917இல், அமெரிக்க ராணுவ டாக்டர் ஆஸ்வால்ட் ராபர்ட்சன் சிட்ரேட் கலந்த முழு ரத்தத்தைப் பனிக்கட்டியில் வைத்து பிரான்ஸ் போர்முனையில் பயன்படுத்தினார். இராக், ஆப்கானிஸ்தான் போர்களில் தட்டணுக்கள் கிடைக்காத இடங்களில் சக வீரர்களிடமிருந்தே ரத்தம் எடுத்து உடனே ஏற்றினார்கள். அந்த அனுபவம் பொதுமக்கள் சிகிச்சைக்கும் வந்தது. நார்வேயின் பெர்கன் நகர மருத்துவ ஹெலிகாப்டர்களும், 2018இல் டெக்ஸாஸின் சான் அன்டோனியோ வட்டார ஹெலிகாப்டர்களும் முழு ரத்தத்தோடு பறக்கத் தொடங்கின.

இதில் பயன்படுவது 'ஓ' பிரிவு ரத்தம். அதன் பிளாஸ்மாவில் மற்ற பிரிவுகளின் சிவப்பணுக்களைத் தாக்கும் எதிர்ப்பொருள்கள் உண்டு. அவை குறைவாக இருப்பதைச் சோதித்து உறுதிசெய்த கொடையாளிகளின் ரத்தத்தை மட்டுமே பிரிவு பார்க்காமல் எவருக்கும் ஏற்றலாம்.

இந்தியாவின் விசித்திரம்

இந்தியாவில் முழு ரத்தம் இல்லாமல் இல்லை. பிரிக்கும் வசதி இல்லாத சிறு நகர ரத்த வங்கிகள் கொடுப்பது அதைத்தான். ஆனால் பிரிவு பார்த்து, பொருத்தம் பார்த்துக் கைக்கு வர முக்கால் மணி நேரம் ஆகிவிடும். அந்த அவகாசம் சிலருக்கு இல்லை.

சட்டத்திலும் ஒரு முரண். மருந்துகள், அழகுசாதனப் பொருள்கள் விதிகளின் 'கே' அட்டவணை, எல்லைப்புற, போர்க்கள ராணுவ மருத்துவ மையங்கள் முழு ரத்தம் எடுத்து ஏற்றுவதற்கு உரிம விலக்கு தருகிறது. ஒதுக்குப்புற மாவட்ட மருத்துவமனையில் உரிமம் பெற்ற ரத்த வங்கி இல்லையென்றால், கொடையாளி பக்கத்திலேயே நின்றாலும் டாக்டர் அவரிடம் ரத்தம் எடுக்க முடியாது. எச்.ஐ.வி., மஞ்சள் காமாலை போன்றவை பரவிவிடக் கூடாது என்ற அச்சம் நியாயமானதே. கிராமப்புற அறுவை சிகிச்சை நிபுணர்களின் மனக்குறையும் அதே அளவு நியாயமானது.

முழு ரத்தமே மேல் என்று அறிவியல் இன்னும் அறுதியிட்டுச் சொல்லிவிடவில்லை. பிரிக்காமல் வைக்கும் ஒவ்வொரு பையும் இன்னொரு நோயாளியின் பங்கு என்பதும் உண்மை. வீணாவதைத் தவிர்க்க வழி உண்டு: சான் அன்டோனியோவில் ஹெலிகாப்டர்களில் இரண்டு வாரம் இருந்த பைகளைப் பெரிய மருத்துவமனைக்கு மாற்றிப் பயன்படுத்துகிறார்கள்.

ஏறக்குறைய மூன்றில் ஒரு இந்தியருக்கு 'ஓ' பிரிவு ரத்தம். ஆகவே கொடையாளிகளுக்குப் பஞ்சமில்லை. காயம்பட்ட முதல் ஒரு மணி நேரத்தை 'பொன்னான நேரம்' என்று மோட்டார் வாகனச் சட்டத்தில் 2019இல் எழுதிக்கொண்டோம். முழுமையாகச் சோதித்த சில பைகளை நெடுஞ்சாலையோர விபத்துச் சிகிச்சை மையங்களின் குளிர்பெட்டியில் வைத்தால்தான் அந்த நேரத்துக்கு அர்த்தம் இருக்கும்.