ஹோட்டலில் பிறந்து கோழிப்பண்ணையில் வளர்ந்த கொள்கை: தெரியுமா?

தங்கள் சங்கத்துக்கு ஒரு பெயர் வைக்க முடியாமல் சண்டை போட்டுக்கொண்டவர்களில் நான்கு பேர் பின்னாளில் நோபல் பரிசு வாங்கினார்கள், தெரியுமா?

1947 ஏப்ரல். சுவிட்சர்லாந்தில் ஜெனீவா ஏரிக்கு மேலே மோன் பெலரின் என்ற மலை. அங்கே ஒரு ஹோட்டலில் 39 பேர் பத்து நாள் கூடிப் பேசினார்கள். உலகப்போர் முடிந்திருந்தாலும் ஐரோப்பாவில் விலை வைப்பதும் பங்கீடு செய்வதும் திட்டம் போடுவதும் அரசாங்கம்தான். தனிமனித சுதந்திரம், தடையற்ற சந்தை என்ற ஆடம் ஸ்மித் காலத்துத் தாராளவாதம் செல்லாக்காசு என்றே படித்தவர்கள் பலர் நினைத்திருந்தார்கள். அதற்கு மறுபடி உயிர் கொடுக்க இந்தக் கூட்டத்தைக் கூட்டியவர் பொருளாதார அறிஞர் ஹயேக்.

சங்கத்துக்கு ஆக்டன், டோக்வில் ஆகியோர் பெயரை வைக்கலாம் என்றார் அவர். இரண்டு கத்தோலிக்கப் பிரபுக்களின் பெயரா என்று எகிறினார் சிகாகோ பேராசிரியர் ஃபிராங்க் நைட். கடைசியில் வம்பே வேண்டாமென்று மலையின் பெயரையே வைத்துவிட்டார்கள்! வருமானப் பங்கீடு பற்றிய பேச்சில் பொருளாதார அறிஞர் லுட்விக் ஃபான் மிசெஸ், நீங்கள் எல்லோருமே சோஷலிஸ்டுகள்தான் என்று கத்திவிட்டு வெளியேறினாராம். இந்தக் கதையைச் சொன்னவர் உடனிருந்த மில்டன் ஃபிரீட்மன். அந்த நான்கு நோபல்காரர்களில் அவரும் ஒருவர். மற்றவர்கள் ஹயேக், ஸ்டிக்லர், அலே.

ஹயேக் 1944-ல் எழுதிய ‘அடிமைத்தனத்துக்குச் செல்லும் பாதை’ நூலின் கதை தெரியுமா? அரசின் திட்டமிடலை எதிர்த்த அந்தப் புத்தகத்தைத் தேவையான அளவு அச்சடிக்க முடியவில்லை. காரணம், இங்கிலாந்தில் காகிதத்துக்கே ரேஷன்! 1945 ஏப்ரலில் ‘ரீடர்ஸ் டைஜஸ்ட்’ அதைச் சுருக்கி வெளியிட்டபோது ஹயேக் அமெரிக்காவுக்குக் கப்பலில் போய்க்கொண்டிருந்தார். சில பல்கலைக்கழகங்களில் நாலு பேராசிரியர்களுக்கு முன்னால் பேசலாம் என்று இறங்கியவரை, நியூயார்க்கில் பெரும் கூட்டத்தின் முன் நிறுத்திவிட்டார்கள்.

அந்தச் சுருக்கத்தைப் படித்தவர்களில் ஒருவர் ஆன்டனி ஃபிஷர், போர் விமானி. நேராக ஹயேக்கைத் தேடிப் போய், அரசியலில் இறங்கட்டுமா என்று கேட்டார். வேண்டாம், முதலில் சிந்திப்பவர்களின் மனதை மாற்று என்றார் ஹயேக். ஃபிஷர் என்ன செய்தார்? கோழி வளர்த்தார்! அமெரிக்காவில் பார்த்த பிராய்லர் பண்ணையை இங்கிலாந்தில் போட்டுப் பெரும் பணக்காரரானார். 1955-ல் லண்டனில் அவர் தொடங்கிய பொருளாதார ஆய்வுக் கழகம்தான் பின்னாளில் மார்கரெட் தாட்சருக்குக் கொள்கைச் சரக்கு கொடுத்த இடங்களில் முக்கியமானது. பிறகு கரீபியக் கடலில் ஆமைப்பண்ணை வைத்தார். அதில் கையைச் சுட்டுக்கொண்டார். கோழி கைகொடுத்த அளவுக்கு ஆமை கைகொடுக்கவில்லை.

மேற்கு ஜெர்மனியில் ஒரே ஞாயிற்றுக்கிழமையில் பணமே மாறியது தெரியுமா? 1948 ஜூன் 20. புது மார்க் வந்த கையோடு, பொருளாதாரத் துறைப் பொறுப்பில் இருந்த லுட்விக் எர்ஹார்டு பல பொருள்களின் விலைக் கட்டுப்பாட்டையும் தூக்கினார். என் நிபுணர்கள் இது பெரிய தப்பு என்கிறார்களே என்றாராம் அங்கே ராணுவ ஆட்சி நடத்திய அமெரிக்க ஜெனரல் கிளே. என் நிபுணர்களும் அதைத்தான் சொல்கிறார்கள் என்றாராம் எர்ஹார்டு! பதுக்கிய சரக்கெல்லாம் கடைக்கு வந்தது, விலையும் ஏறியது. நவம்பரில் பொது வேலைநிறுத்தமே நடந்தது. ஆனாலும் மனிதர் பின்வாங்கவில்லை.

இதேபோல் ஒன்று நம் சென்னையிலும் நடந்தது. 1952-ல் முதல்வரான ராஜாஜி, உணவு தானியக் கட்டுப்பாட்டை நீக்கினார். அரசின் கட்டுப்பாடுகளை ‘லைசென்ஸ்–பர்மிட்–கோட்டா ராஜ்’ என்று கிண்டலடித்தபடி 1959-ல், 80 வயதில், சுதந்திராக் கட்சியையே தொடங்கினார். 80 வயதில்! 1967-ல் மக்களவையில் 44 இடம் பிடித்துப் பெரிய எதிர்க்கட்சியானது அது. அதே தேர்தலில் தமிழ்நாட்டில் அவர் கைகோத்தது யாரோடு? ரூபாய்க்கு மூன்று படி அரிசி தருவோம் என்ற தி.மு.க.வோடு!