காந்தச் சிறையில் பிளாஸ்மா: மின்னோட்டப் பரவலின் பங்கு

1955ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில் ஜெனிவா நகரில், அணுசக்தியின் அமைதிப் பயன்கள் பற்றிய முதல் ஐ.நா. மாநாடு நடைபெற்றது. அதற்குத் தலைமை வகித்த டாக்டர் ஹோமி பாபா, அணுக்கரு இணைவு ஆற்றலைக் கட்டுப்பாட்டுடன் விடுவிக்கும் முறை இருபது ஆண்டுகளுக்குள் கண்டறியப்படும் என்று நம்பிக்கை தெரிவித்தார். அதன் பின் எழுபது ஆண்டுகள் கழிந்துவிட்டன. ஆய்வுக்கூடங்களில் இணைவு நிகழ்கிறது; ஆயினும் மக்களுக்கு மின்சாரம் வழங்கும் இணைவு மின்நிலையம் எதுவும் இன்னும் அமையவில்லை. இத்தாமதத்திற்கான காரணங்களுள் அதிகம் பேசப்படாத ஒன்று, பிளாஸ்மாவினுள் மின்னோட்டம் எவ்வாறு பரவியுள்ளது என்னும் சிக்கலாகும்.

எரிபொருளும் வெப்பமும்

இணைவுக்கு வேண்டிய டியூட்டிரியம் கடல் நீரில் உள்ளது. அந்நீரிலுள்ள சுமார் 6,400 ஹைட்ரஜன் அணுக்களுக்கு ஒன்று டியூட்டிரியம் ஆகும். மற்றோர் எரிபொருளான டிரிட்டியத்தை லித்தியத்திலிருந்து உண்டாக்க வேண்டும். இவ்விரண்டின் அணுக்கருக்களும் போதிய அளவில் இணைய, வெப்பநிலை சுமார் 15 கோடி டிகிரி செல்சியஸ் அளவிற்கு உயர வேண்டும். இது சூரியனின் மையத்தில் உள்ளதைப் போல் பத்து மடங்காகும். இந்நிலையில் பொருள் எலெக்ட்ரான்களும் அயனிகளும் கலந்த பிளாஸ்மாவாகிறது. எந்தப் பாத்திரமும் இதைத் தாங்காது. காந்தப் புலமே கலனாக அமைய வேண்டும்.

டோக்கமாக் அமைப்பு

1950-51ஆம் ஆண்டுகளில் சோவியத் விஞ்ஞானிகளான தாம், சகாரோவ் ஆகியோர் வகுத்த கருத்திலிருந்து டோக்கமாக் உருவாயிற்று. இதில் வளைய வடிவக் கலனைச் சுற்றிலும் மின்சுருள்கள் ஒரு காந்தப் புலத்தை ஏற்படுத்துகின்றன. இது மட்டும் இருந்தால் துகள்கள் மேலும் கீழுமாக விலகிச் சுவரை அடைந்துவிடும். ஆகவே பிளாஸ்மாவினூடே பெரும் மின்னோட்டம் செலுத்தப்படுகிறது. அதனால் தோன்றும் இரண்டாவது புலம் முதற் புலத்துடன் சேர்ந்து, விசைக்கோடுகளைக் கயிற்றுப் புரி போல் முறுக்குகிறது. இம்முறுக்கே துகள்களைச் சிறைப்படுத்துகிறது.

முறுக்கின் அளவைக் 'காப்புக் காரணி' என்னும் எண் குறிக்கிறது. ஒரு விசைக்கோடு குறுக்குவாட்டில் ஒருமுறை சுற்றி வருவதற்குள் வளையத்தின் நீள்வாட்டில் எத்தனை முறை சுற்றுகிறதோ, அதுவே இந்த எண். பிளாஸ்மாவின் ஒவ்வோர் அடுக்கிலும் இதன் மதிப்பு, அவ்வடுக்கிற்கு உள்ளே எவ்வளவு மின்னோட்டம் ஓடுகிறது என்பதைப் பொறுத்தது. எனவே மின்னோட்டத்தின் மொத்த அளவை மட்டும் அறிந்தால் போதாது. அதன் பரவலையும் அறிய வேண்டும்.

பரவல் பிறழ்ந்தால்

உலோகத்தைப் போலன்றி, பிளாஸ்மா சூடேறச் சூடேற அதன் மின்தடை குறைகிறது. வெப்பநிலை நான்கு மடங்கானால் தடை எட்டில் ஒரு பங்காகிறது. ஆகையால் மிகச் சூடான மையத்தை நோக்கி மின்னோட்டம் குவிகிறது. குவிவதால் மையம் மேலும் சூடேறுகிறது. மையத்தில் காப்புக் காரணி ஒன்றுக்குக் கீழ் இறங்கும்போது, மைய வெப்பம் திடீரெனச் சரிந்து மீண்டும் ஏறுவது தொடர்ந்து நிகழ்கிறது. 1974இல் விவரிக்கப்பட்ட இந்நிகழ்வு 'ரம்பப் பல் அலைவு' எனப்படுகிறது.

காப்புக் காரணி இரண்டு, ஒன்றரை போன்ற எளிய விகிதமாக அமையும் அடுக்குகளில் வேறோர் அபாயம் உண்டு. அங்கே விசைக்கோடுகள் சில சுற்றுகளில் தம்மோடு தாமே வந்து சேர்வதால் சிறு கலக்கமும் வளர்ந்து, 'காந்தத் தீவுகள்' உருவாகி, வெப்பம் வெளியே கசிகிறது. இவை பெருகினால் மின்னோட்டம் முழுவதும் விநாடியின் மிகச் சிறு பகுதிக்குள் அற்றுப்போகும். இம்முறிவின்போது கலனின் சுவர்மீது பெரும் வெப்பமும் விசையும் தாக்குகின்றன. பெரிய உலைகளில் இது பல கோடி ரூபாய் மதிப்புள்ள சாதனத்தையே பழுதாக்கக் கூடும்.

பரவலைச் சீரமைத்தல்

பிளாஸ்மாவில் மின்னோட்டத்தைத் தூண்டுவது மின்மாற்றியின் தத்துவமே. மின்மாற்றியின் முதற் சுருளில் மின்னோட்டத்தை முடிவின்றி உயர்த்திக்கொண்டே போக முடியாது. ஆகவே இம்முறையில் உலை விட்டுவிட்டே இயங்கும். தொடர்ந்து இயங்க வேண்டுமாயின் நுண்ணலைகளாலோ, வேகமிக்க நடுநிலை அணுக்கற்றைகளாலோ மின்னோட்டத்தைச் செலுத்த வேண்டும். மின்னோட்டத்தை வேண்டிய அடுக்கில் சேர்க்கவும் இம்முறைகள் உதவுகின்றன.

பிளாஸ்மாவின் அழுத்த வேறுபாட்டிலிருந்து ஒரு பகுதி மின்னோட்டம் தானாகவே எழும் என்பது 1971இல் கோட்பாட்டு வாயிலாகக் கூறப்பட்டுப் பின்னர் சோதனைகளில் உறுதியாயிற்று. இது மையத்தை விட்டு விலகிய பகுதியில் ஓடுவதால் மையக் குவிப்பு குறைகிறது. மையத்தில் மின்னோட்டம் குறைந்த இத்தகைய பரவலில் வெப்பக் கசிவு வெகுவாகத் தணிவதை 1990களில் அமெரிக்க, ஜப்பானிய டோக்கமாக்குகள் காட்டின. எனினும் அழுத்தம் அளவுக்கு மீறிச் செங்குத்தாக உயர்ந்தால் புதிய நிலையின்மை தோன்றும்.

இந்தியாவின் பங்கு

காந்திநகரை அடுத்த பிளாஸ்மா ஆராய்ச்சி நிறுவனத்தில் 1989இல் ஆதித்யா டோக்கமாக் இயங்கத் தொடங்கியது. உள்நாட்டிலேயே வடிவமைத்துக் கட்டப்பட்ட இதன் வளைய ஆரம் 75 செ.மீ. ஆகும். பிளாஸ்மா முறிவைத் தடுக்கும் சோதனைகளும் இதில் நடைபெற்றன. மீக்கடத்துச் சுருள்கள் கொண்ட எஸ்.எஸ்.டி.-1 கருவியில் 2013இல் முதல் பிளாஸ்மா உண்டாயிற்று. 2006 நவம்பரில் கையெழுத்தான ஒப்பந்தத்தின்படி, பிரான்சில் அமையும் ஈட்டர் திட்டத்தின் ஏழு உறுப்பினர்களுள் இந்தியாவும் ஒன்று. அத்திட்டத்திற்கான சுமார் 3,800 டன் எடையுள்ள குளிர்கலன் குஜராத்தின் ஹசீராவில் தயாரிக்கப்பட்டது.

மதிப்பிடும் அளவுகோல்

இங்கிலாந்தின் ஜெட் கருவி 2023இல் சுமார் ஐந்து விநாடிகளில் 69 மெகாஜூல் இணைவு ஆற்றலை அளித்தது. மின் கட்டணக் கணக்கில் இது 19 யூனிட்டுக்குச் சற்று அதிகம். பிளாஸ்மாவைச் சூடாக்கச் செலவிட்ட ஆற்றலோ இதைவிட மிகுதி. பிரான்சின் வெஸ்ட் கருவி 2025 பிப்ரவரியில் 22 நிமிடங்களுக்கு மேல் பிளாஸ்மாவை நிலைநிறுத்தியது; ஆனால் அதில் இணைவு ஆற்றல் பெறுவது நோக்கமன்று. மிகுந்த ஆற்றல், நீண்ட நேரம் என்னும் இவ்விரண்டையும் ஒருங்கே பெறுவதே எஞ்சியுள்ள பணியாகும். 50 மெகாவாட் வெப்பம் ஊட்டி 500 மெகாவாட் பெறுவது ஈட்டரின் இலக்கு. 2024இல் திருத்தப்பட்ட கால அட்டவணைப்படி, டியூட்டிரியமும் டிரிட்டியமும் கொண்டு அது இயங்குவது 2039இல்தான்.

நிலக்கரி, சூரியசக்தி, அணுப்பிளவு ஆகியவற்றுக்கான இன்றைய முதலீடுகளை இணைவின் பெயரால் ஒத்திப்போடுவதற்கு இடமில்லை. அதேபோல், பலன் தாமதமாகிறது என்பதற்காக இவ்வாய்வைக் கைவிடுவதும் அறிவுடைமையாகாது. மின்தொகுப்பிற்கு வேண்டியது ஒரு கணப்பொழுதின் உச்ச வெப்பம் அன்று, இடையறாத வழங்கலே. ஆகவே இணைவு பற்றிய புதிய அறிவிப்பு எதையும் காணும்போது, எவ்வளவு வெப்பம் என்று கேட்பதோடு, எவ்வளவு நேரம், எத்தனை முறிவுகளுடன் என்றும் கேட்பது திட்டமிடுவோரின் கடமையாகும். பாபாவின் நம்பிக்கை பலிக்கும் நாளை அவ்விடைகளே காட்டும்.