அழியும் அணுக்களின் சாட்சியம்

ஹிஜ்ரி 396ஆம் ஆண்டில் (கி.பி. 1006) எகிப்தில் கல்வி பயின்றுகொண்டிருந்த இளைஞர் அலீ இப்னு ரிள்வான் தென்வானில் புதிய விண்மீன் ஒன்றைக் கண்டார். அதன் ஒளி நிலவொளியில் கால் பங்கிற்கும் சற்று மேலாக இருந்தது எனப் பிற்காலத்தில், தாலமியின் நூலுக்கு வரைந்த உரையில் பதிவு செய்தார். அது வெண்குறு விண்மீன் வெடித்ததன் ஒளி என்பது இன்றைய வானியலாரின் முடிவு.

எரிபொருள் தீர்ந்து பூமியளவிற்குச் சுருங்கிய விண்மீனே வெண்குறு விண்மீன். அதன் நிறைக்கு வரம்பு உண்டென்று கணித்தவர் நம் சென்னையில் வளர்ந்தவர். இன்றைய டாக்டர் இராதாகிருஷ்ணன் சாலை எட்வர்ட் எலியட்ஸ் சாலையாக இருந்த நாளில், மயிலாப்பூரில் அச்சாலையிலிருந்த ‘சந்திர விலாஸ்’ இல்லத்தில் வாழ்ந்து மாநிலக் கல்லூரியில் பயின்ற சு. சந்திரசேகர், 1930இல் இங்கிலாந்து செல்லும் கப்பலில் அக்கணக்கைப் போட்டார். வயது 19. சூரிய நிறையைப்போல் ஏறத்தாழ 1.4 மடங்கே அவ்வரம்பு. 1935இல் எடிங்டன் அதனை அவையறிய எள்ளி நகையாடினார்; அறிவுலகில் பெரும்பெயரும் சில வேளை திரையாகிவிடுகிறது.

வரம்பை நெருங்கும் வெண்குறு விண்மீனில் கார்பன் பற்றியெரிந்து, சில நொடிகளில் நிக்கல்-56 உருவாகிறது. (வரம்பை எட்டாமலே வெடிப்பனவும் உண்டா என்னும் விவாதம் இன்னும் ஓயவில்லை.) நிக்கல்-56இன் அரை ஆயுள் 6 நாள். அது கோபால்ட்-56 ஆகி, 77 நாள் அரை ஆயுளோடு இரும்பாக மாறுகிறது. விண்மீன்களுக்குள் தனிமங்கள் உருவாகும் முறையை ஆராய்ந்த வில்லியம் ஃபவுலரும் சந்திரசேகரும் 1983இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டது பொருத்தமே.

இதற்குச் சான்று எங்கே? நிலையான இரும்பு, தான் எங்கே, எப்போது பிறந்தேன் என்று சொல்லாது. அரை ஆயுள் குறைந்த கதிரியக்க ஐசோடோப்போ நெடுநாள் தங்காது. ஆதலின் அது காணப்படுமிடத்தில், அண்மையில்தான் உருவாகியிருக்க வேண்டும். 2014இல் எம்82 விண்மீன் மண்டலத்தில் இத்தகைய வெடிப்பொன்று தோன்றியபோது, ஐரோப்பாவின் இன்டெக்ரல் செயற்கைக்கோள் கோபால்ட்-56க்கே உரிய 847, 1238 கிலோ எலக்ட்ரான் வோல்ட் காமா கதிர்களைப் பதிவு செய்தது. சூரிய நிறையில் பாதிக்கும் மேலான நிக்கல் அங்கே உருவாகியிருந்தது. பரிசு பெற்ற இருவரும் 1995இலேயே மறைந்துவிட்டனர்.

சாட்சி வானில் மட்டுமன்று. இரும்பு-60இன் அரை ஆயுள் 26 லட்சம் ஆண்டு. 450 கோடி ஆண்டு வயதுடைய பூமி பிறந்தபோது அதிலிருந்த இரும்பு-60 என்றோ அழிந்துபோயிற்று. ஆயினும் 1999இல் ஜெர்மானிய அறிஞர் பசிபிக் கடலடிப் படிவில் அதனைக் கண்டனர். பெருநிறை விண்மீன்களின் வெடிப்பே அதன் பிறப்பிடம் என்பர். 2019இல் வெளியான ஆய்வின்படி, அண்டார்க்டிகாவின் 20 ஆண்டுக்கும் குறைந்த வயதுடைய பனி 500 கிலோவை உருக்கியபோதும், அந்த அணுக்கள் சில கிடைத்தன.