ஆறு பாடங்களும் ஒரு பட்டயமும்

'அவர் ஐ.பி. படித்தவர்' என்று ஒரு மாணவரைச் சுட்டிச் சொன்னால், நம்மவருள் சிலர் ஓரடி ஒதுங்கி நிற்கின்றனர். தமிழ்நாட்டுப் பள்ளிகளில் பன்னிரண்டாம் வகுப்புத் தேறி, படிப்பின் பொருட்டு இவ்வூர் வந்தவர்கள் நாம். அறியாத பொருளிடத்து அச்சம் பிறத்தல் இயல்பே. ஆய்வுக்கூடத்தில் எனக்குப் பக்கத்து மேசையில் பணிபுரியும் நண்பர் அப்பட்டயம் பெற்றவர். அவரை வினவியும் பாடத்திட்டத்தைப் படித்தும் அறிந்தவற்றை இங்கே எழுதுகிறேன்.

ஐ.பி. என்பது இன்டர்நேஷனல் பாக்கலோரியேட் என்பதன் சுருக்கம். இது 1968-இல் ஜினீவா நகரில் தோன்றியது. தூதரகங்களிலும் உலக நிறுவனங்களிலும் பணிபுரிவோர் அடிக்கடி நாடு மாறுவர். அவர்தம் பிள்ளைகள் எந்நாட்டுப் பல்கலைக் கழகத்திலும் சேர உதவும் பொதுத் தேர்வு ஒன்று வேண்டியிருந்தது. அத்தேவையே இதற்கு வித்து. இந்தியாவில் இது முதலில் காலூன்றிய இடம் எது? நம் கோடைக்கானல்! 1976-இல் அங்குள்ள அனைத்துலகப் பள்ளி இதனை ஏற்றது.

படிப்பு இரண்டு ஆண்டுகள், பாடங்கள் ஆறு. முதலாவது, மாணவர் நன்கறிந்த மொழியின் இலக்கியம். அடுத்து, மற்றொரு மொழி. பின்னர் வரலாறு, பொருளாதாரம் போன்ற ஒன்று, விஞ்ஞானம் ஒன்று, கணிதம். ஆறாவது, ஒரு கலை; அல்லது முன் சொன்னவற்றுள் இன்னொன்று. மூன்று பாடங்களை உயர்நிலையில் 240 மணி நேரமும், மற்றவற்றைப் பொதுநிலையில் 150 மணி நேரமும் கற்பது வழக்கம்.

பாடம் ஒன்றுக்கு உச்சப் புள்ளி 7, ஆக 42. 4,000 சொற்களுக்கு மிகாத ஆய்வுக் கட்டுரை ஒன்றும், 'நாம் அறிந்ததை எவ்வாறு அறிந்தோம்?' என ஆராயும் அறிவியல்பு வகுப்பும் சேர்ந்து 3 புள்ளி வரை தரும். மொத்தம் 45. தேறுவதற்கு 24 புள்ளிகளேனும் வேண்டும். வேறு சில நிபந்தனைகளும் உண்டு. கலை, உடற்பயிற்சி, தொண்டு ஆகியவற்றுக்குப் புள்ளி இல்லை. ஆனால் அவற்றைச் செய்யாதவர்க்குப் பட்டயமும் இல்லை!

பள்ளி ஆசிரியரே திருத்தும் பகுதிகளும் உண்டு. அவற்றின் மாதிரிகளை வெளித் தேர்வாளர் பார்த்துச் சரிசெய்வர். ஆகவே ஆசிரியரின் தாராளம் மட்டும் ஒருவரைக் கரையேற்றிவிடாது.

இந்தியப் பல்கலைக் கழகங்களின் சங்கம் இதனைப் பன்னிரண்டாம் வகுப்புக்கு நிகராக ஏற்றுள்ளது. எனினும் பொறியியல் விரும்புவோர் பௌதிகம், இரசாயனம் இரண்டையும் எடுக்க ஆறாம் இடத்தையும் விஞ்ஞானத்துக்கே கொடுத்தாக வேண்டும். மருத்துவம் விரும்புவோர்க்கு மூன்று விஞ்ஞானப் பாடங்கள் தேவை. வழக்கமான அமைப்பில் அவற்றுக்கு இடமில்லை. மே மாதத் தேர்வின் முடிவு சூலைத் தொடக்கத்தில்தான் வரும். ஆகவே தம்பி தங்கையர்க்கு வழிகாட்டுவோர் இவற்றை முன்னரே எண்ணிப் பார்த்தல் நலம்.

நம் மேல்நிலை வகுப்பிலும் ஆறு பாடங்கள் உண்டு. தமிழும் ஆங்கிலமும் போக நான்கு. என் நான்கும் கணிதமும் விஞ்ஞானமுமாகவே அமைந்தன. வரலாறு பத்தாம் வகுப்போடு விடைபெற்றது. அங்கோ, விஞ்ஞானம் கற்பவர் வரலாற்றையோ பொருளாதாரத்தையோ விடமுடியாது. இலக்கியம் கற்பவர் கணிதத்தை விடமுடியாது. வேற்றுமை இதுவே. மூளையில் வேற்றுமை இல்லை, முறையில்தான் வேற்றுமை.

இன்னுமொன்று. ஒரு மாணவரின் மொழிக்குப் பள்ளியில் ஆசிரியர் இல்லையெனில், பள்ளியின் மேற்பார்வையில் அவரே தம் மொழி இலக்கியத்தைக் கற்றுத் தேர்வெழுதவும் அங்கு வழியுண்டு. உலகெங்கும் செல்லவிருக்கும் பிள்ளைக்கும் தாய்மொழி சுமையன்று என்பது இதன் கருத்து.

அப்பள்ளிகளின் கட்டணம் நம்மில் பலர்க்கு எட்டாது. அதன் நல்ல முறையோ எவர்க்கும் எட்டும். 'விஞ்ஞான மாணவனுக்குத் தமிழ் எதற்கு?' என்று நம் சங்கத்துத் தமிழ் வகுப்பை ஒதுக்கும் நண்பர்களே, சற்றே எண்ணுங்கள். நீங்கள் வியந்து பார்க்கும் அந்தப் பட்டயத்தில் முதற்பாடம் எது?