சுருக்கமும் விளக்கமும்: கணிப்பொறி இயக்க முறைமை குறித்து ஒரு நோக்கு

கணிப்பொறியின் உறுப்புகளை ஒருங்கிணைத்து இயக்கும் அடிப்படை மென்பொருளே இயக்க முறைமை எனப்படும். அது பருக்குந்தோறும் நினைவகம் நிரம்பும்; பொறி தளரும். பழுதற்ற பொறியும் பழையது என ஒதுக்கப்படும். புதியது வாங்க இயலாத ஜீயபுரம் போன்ற சிற்றூர் மாணவர்க்கு இது பேரிழப்பாகும்.

1991-இல் லினஸ் டோர்வால்ட்ஸ் வெளியிட்ட லினக்ஸ் கரு ஏறத்தாழ 10,000 வரிகளே கொண்டது. இன்று அது 3 கோடி வரிகளைக் கடந்துவிட்டது. அவற்றுள் பாதிக்கு மேற்பட்டவை பல்வகைச் சாதனங்களை இயக்கும் நிரல்கள். ஒரு பொறிக்கு அவற்றுள் சிலவே வேண்டும். ஆகவே, வேண்டாதவற்றை நீக்கிக் கருவைத் தொகுத்தல், தேவைப்படும்போது மட்டும் கூறுகளை நினைவகத்தில் ஏற்றுதல், தொடக்கத்திலேயே எழும் பணிகளைக் குறைத்தல், எளிய திரைமுகப்பைக் கொள்ளுதல் ஆகியன விரைவுக்குரிய வழிகளாம்.

சென்னை சி-டாக் நிறுவனம் 2007-இல் வெளியிட்ட போஸ் லினக்ஸ், 2011-இல் தொடங்கிய தமிழக அரசின் மாணவர் மடிக்கணினித் திட்டத்திலும் இடம்பெற்றது. அந்நிறுவனமும் சென்னை ஐ.ஐ.டி.யும் இணைந்து மேற்கொண்ட 'மூல்' என்னும் ஆய்வு, கருவின் பகுதிகள் ஒன்றோடொன்று பின்னிக் கிடப்பதைத் தளர்த்த முற்பட்டது. பிணைப்புக் குறைந்தால், ஒன்றைத் திருத்தப் பிறிதொன்று சிதையாது.

நன்னூலார் நூலழகுகளுள் சுருக்கத்தை முதலிலும் விளக்கத்தை அடுத்தும் வைத்தார். குன்றக் கூறலைக் குற்றம் என்றார். பாதுகாப்பைக் களைந்து பெறும் விரைவும் அத்தகைய குன்றலே. லினக்ஸின் மூலநிரலை எவரும் திறந்து பயிலலாம். வீண்விரயத்தை இஸ்லாம் விலக்கியுள்ளது. ஒதுக்கிய பொறி ஒன்றையேனும் நம் மாணவர்கள் உயிர்ப்பிப்பாராயின், அது கல்வியுமாகும், அறமுமாகும்.