குளிர் யந்திரத்துக்கு எந்த வடிகட்டி?

சித்திரை பிறந்து கத்திரியும் தொடங்கிவிட்டால் புதுக்கோட்டைச் சீமையில் வெயில் எப்படியிருக்கும் என்பதை நேயர்களுக்கு நாம் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. செம்புறாங்கல் பூமி பகலெல்லாம் வாங்கிக்கொண்ட உஷ்ணத்தை நடுநிசி வரையில் வட்டியும் முதலுமாகத் திருப்பிக் கொடுத்துக் கொண்டிருக்கும். ஆகையால், முன்னெல்லாம் பெரிய தனவந்தர்கள் வீட்டில் மட்டும் இருந்துவந்த குளிர்சாதன யந்திரம் இப்போது உத்தியோகஸ்தர் வீடுகளிலும், உபாத்தியாயர் வீடுகளிலும், அறந்தாங்கியிலும் ஆலங்குடியிலும் சிறு கடை நடத்துவோர் வீடுகளிலும்கூடச் சுவரில் ஏறி உட்கார்ந்து விட்டது. உட்காரட்டும், இராத்திரி நாலு மணி நேரம் தூங்குவதற்கு மனிதனுக்குப் பாத்தியதை உண்டு.

ஆனால் யந்திரத்தோடு கூட ஒரு கேள்வியும் வீட்டுக்குள் நுழைந்திருக்கிறது. அதன் வடிகட்டி பழுதானால், அல்லது போதவில்லை என்று தோன்றினால், பதிலுக்கு எதை வாங்கிப் போடுவது? குழந்தைக்கு இழுப்பு என்றோ, தாத்தாவுக்குக் காசம் என்றோ சொன்னால் போதும், கடைக்காரர் உடனே இரகசியம் சொல்லுகிறவரைப் போலக் குரலைத் தாழ்த்தி, "நுண்தூசி வடிகட்டி இருக்கிறது, சீமைச் சரக்கு, உங்கள் ஏ.ஸி.க்குள்ளேயே வெட்டி ஒட்டிவிடலாம்" என்பார். மூச்சு விடத் திணறும் குழந்தையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு எந்தத் தாயார்தான் பேரம் பேசுவாள்? அதனாலேயே இந்த விஷயத்தைச் சற்று விஸ்தாரமாக ஆராய்வது அவசியமாகிறது.

முதலில் ஒரு பழைய கதை. 1902-ஆம் வருஷத்தில் வில்லிஸ் காரியர் என்ற அமெரிக்க இளைஞர் நியூயார்க்கைச் சேர்ந்த புரூக்ளினில் ஓர் அச்சுக்கூடத்துக்காகக் காற்றைப் பதப்படுத்தும் யந்திரத்தை வகுத்தார். எதற்காக? அச்சுக் கோக்கும் தொழிலாளிகளுக்கு வியர்த்தது என்பதற்காக அல்ல. ஈரக் காற்றில் காகிதம் விரிந்து சுருங்கி, ஒரு வர்ணத்தின் மேல் மறு வர்ணம் சரியாகப் பதியவில்லை என்பதற்காக! மனிதனுடைய சுகம் பின்னால்தான் வந்து சேர்ந்தது. வடிகட்டியின் சரித்திரமும் ஏறக்குறைய அப்படித்தான். வீட்டு யந்திரங்களில் அதை வைத்தது முதன்மையாக யந்திரத்தைக் காப்பதற்காக. நம்முடைய நுரையீரலைக் காப்பதற்காக அல்ல. இந்த ஒரு சங்கதியை மனத்தில் வைத்துக்கொண்டால் கடைக்காரரின் பாதி வார்த்தைகள் தாமாகவே உதிர்ந்துவிடும்.

நம் வீட்டுச் சுவரில் இருக்கும் 'ஸ்பிளிட்' யந்திரத்தின் முன்மூடியைத் தூக்கிப் பாருங்கள். சட்டத்தில் பொருத்திய மெல்லிய பிளாஸ்டிக் வலை தெரியும். அறையிலுள்ள காற்றை யந்திரம் மேற்புறமாக இழுத்து, இந்த வலையின் வழியாகச் செலுத்தி, குளிர்ந்த குழாய்களின் மேல் படியவைத்து, மறுபடி அறைக்குள்ளேயே ஊதுகிறது. வெளிக்காற்றை அது கொண்டுவருவதில்லை; கொண்டுவருவதாகப் பலர் நினைத்துக் கொண்டிருக்கிறார்கள். வலையானது தலைமயிர், பஞ்சு, துணி நூல், பெரிய புழுதி ஆகியவற்றைப் பிடித்துக்கொள்ளும். அவ்வளவே. இரண்டரை மைக்ரானுக்குக் குறைந்த நுண்தூசி அதன் கண்களின் வழியே சுலபமாகப் போய்விடும். ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. தலைமயிரின் கனம் சுமார் எழுபது மைக்ரான். நெஞ்சின் அடியாழம் வரையில் இறங்குவது அந்த நுண்தூசிதான்.

அமெரிக்கர்கள் வீட்டு வடிகட்டிகளுக்கு 'மெர்வ்' என்று நம்பர் கொடுத்திருக்கிறார்கள். ஒன்றிலிருந்து பதினாறு வரை. எட்டாம் நம்பர் வடிகட்டி மூன்று முதல் பத்து மைக்ரான் வரையுள்ள தூசியில் நூற்றுக்கு எழுபது பங்காவது பிடிக்கவேண்டும். பதின்மூன்றாம் நம்பரோ, ஒரு மைக்ரானுக்கும் குறைந்த தூசியிலேயே பாதியைப் பிடிக்கவேண்டும். 'ஹெப்பா' என்பது இவற்றுக்கெல்லாம் மேற்பட்டது. 1940-களில் அணுகுண்டு வேலையின்போது கதிரியக்கத் தூசியை அடக்குவதற்காக உண்டானது. 0.3 மைக்ரான் தூசியில் நூற்றுக்கு 99.97 பங்கை நிறுத்த வேண்டும் என்பது அதற்கு விதி.

வடிகட்டியை நம்மில் பலர் சல்லடை என்றே எண்ணுகிறோம். அது சரியல்ல. சல்லடையில் கண்ணைவிடப் பெரியது நிற்கும், சிறியது போகும். நார்களால் ஆன வடிகட்டியிலோ பெரிய துகள் வளைந்து செல்ல முடியாமல் நாரில் மோதி ஒட்டிக்கொள்ளும். மிகமிகச் சிறிய துகள் காற்றணுக்களால் இடியுண்டு தாறுமாறாக அலைந்து எங்காவது ஒரு நாரில் அகப்பட்டுக்கொள்ளும். இரண்டுக்கும் நடுவில் இருக்கிற 0.3 மைக்ரான் பேர்வழிதான் தப்பிப்பதில் சமர்த்தன். அதனால்தான் பரீட்சையையும் அவனைக் கொண்டே நடத்துகிறார்கள்.

இருக்கட்டும். நம்பர் பெரிதானால் நல்லதுதானே, அதையே வாங்கிவிடலாமே என்று கேட்கலாம். இங்கேதான் சூக்ஷ்மம் இருக்கிறது. அமெரிக்க வீடுகளில் பெரும்பாலும் ஒரே யந்திரம் குழாய்கள் வழியாக வீடு முழுவதற்கும் காற்றனுப்புகிறது. அகலமான மடிப்பு வடிகட்டியைத் தாங்குவதற்கு அதில் இடமும், இழுப்பதற்குப் பலமான விசிறியும் இருக்கும். அங்கேகூடக் கண்டபடி நம்பரை உயர்த்தாதே, யந்திரம் செய்தவர் அனுமதிக்கும் அளவைப் பார் என்றுதான் விஷயமறிந்தவர்கள் சொல்லுகிறார்கள். நம்முடைய சுவர் யந்திரத்தின் விசிறியோ அந்த மெல்லிய வலைக்கென்றே அளவெடுத்துச் செய்தது. அதன் மேல் கனமான நார்த்தாளை ஒட்டினால் என்ன ஆகும்? காற்று குறையும். காற்று குறைந்தால் குழாயின் குளிர் அறைக்கு வராமல் குழாயிலேயே தங்கும்; நாளடைவில் அதன் மேல் பனிக்கட்டி கட்டும்; பிறகு சுவர் வழியே நீர் வடியும். அறை குளிரவில்லையே என்று வீட்டுக்காரர் இன்னும் இரண்டு டிகிரி குறைப்பார். மின்சாரக் கட்டணச் சீட்டு வந்த பிறகுதான் வீட்டில் உஷ்ணம் உண்மையாகவே ஏறும். இத்தனைக்கும், தாளைச் சின்னத் துண்டாக வெட்டி வலையின் ஒரு மூலையில் ஒட்டினாலும் பயனில்லை. துண்டின் வழியே போகும் காற்று மட்டுந்தானே வடிபடும்? காற்று கஷ்டமான வழியை விட்டுச் சுலபமான வழியில் போகும் புத்திசாலி.

ஆகையால், நமது அபிப்பிராயத்தில், சுவர் யந்திரத்துக்குப் பதில் வடிகட்டி என்பது அந்த யந்திரத்துக்கே உரிய வலைதான். கிழிந்திருந்தால், சட்டம் ஒடிந்திருந்தால், கட்டாயம் மாற்றவேண்டும். ஓர் அங்குலக் கிழிசல் வழியாகப் போகும் பஞ்சு ஈரமான குழாயில் படிந்து பூஞ்சணம் பூக்கும். யந்திரத்தைப் போட்டதும் வரும் புளித்த வாடை பெரும்பாலும் இதுதான். வாங்கப் போகும்போது யந்திரத்தின் பக்கவாட்டிலோ அடியிலோ ஒட்டியிருக்கும் சீட்டில் உள்ள மாடல் எண்ணை எழுதிக்கொண்டு போங்கள். ஒரே கம்பெனி, ஒரே டன் என்பது போதாது. இடது வலையும் வலது வலையும்கூட வெவ்வேறாக இருப்பதுண்டு. குழாய் வழிக் குளிர் வைத்திருக்கும் சில பெரிய பங்களாக்காரர்களுக்கும் ஒரு வார்த்தை: அட்டையில் அச்சிட்ட அளவு முழு எண்ணாகத் திருத்தியது, உண்மையளவு கால் அங்குலம், அரை அங்குலம் குறைவாயிருக்கும். பழையதை அளந்து பார்க்கவேண்டும். அம்புக் குறி விசிறியை நோக்கியிருக்க வேண்டும். ஒரே நம்பரில் கனமான மடிப்புள்ளது கிடைத்து, அதற்கு இடமும் இருந்தால், அதையே எடுக்கலாம். பரப்பு அதிகமாதலால் காற்று சிரமமின்றிப் போகும்.

வாங்குவதைவிடக் கழுவுவதில்தான் நாம் தவறுகிறோம். பதினைந்து நாளைக்கு ஒரு முறை என்பது பொதுவான கணக்கு. திருமயம் பக்கத்தில் கல் உடைக்கும் ஆலைகளுக்குப் போகும் லாரிகள் ஓடும் சாலையோரத்திலோ, தார் காணாத செம்மண் தெருவிலோ வீடு இருந்தால் வாரம் ஒரு முறை கழுவவேண்டும். யந்திரத்தை நிறுத்தி, வலையைக் கழற்றி, தூசி படியாத பின்புறத்திலிருந்து குழாய்த் தண்ணீரை விடுங்கள். வந்த வழியே தூசி திரும்பிப் போகும். முன்புறமிருந்து விட்டால் கண்களில் போய் இறுகிக்கொள்ளும். கொதிநீர் கூடாது. நிழலில் உலர்த்தி, நன்றாகக் காய்ந்த பிறகே மாட்டவேண்டும். ஆனால் நார்த்தாள் வடிகட்டிகளையும் ஹெப்பாவையும், கழுவலாம் என்று செய்தவரே எழுதியிருந்தாலொழிய, தண்ணீரில் காட்டாதீர்கள். அவற்றுள் பல மின்னேற்றத்தினால் தூசியைக் கவருகிறவை. கழுவினால் பார்வைக்குப் புதிதுபோல் வெளுப்பாயிருக்கும், வேலை செய்யாது.

அப்படியானால் இழுப்புள்ள குழந்தைக்கு என்ன வழி? நுண்தூசியைப் பிடிக்கும் வேலையைத் தனியாக ஒரு காற்றுச் சுத்திகரிப்பு யந்திரத்துக்குக் கொடுப்பதே சரி. அதன் விசிறி ஹெப்பாவை இழுப்பதற்கென்றே அமைந்தது. அதை வாங்கும்போது விளம்பரத்திலுள்ள மேகங்களையும் பச்சிலைகளையும் பார்க்கவேண்டாம். மணிக்கு எத்தனை கன மீட்டர் சுத்தமான காற்று தருகிறது என்ற ஒரே எண்ணைக் கேளுங்கள். பத்தடிக்குப் பன்னிரண்டடி அறை, பத்தடி உயரம் என்றால் 1,200 கன அடி. அதாவது சுமார் 34 கன மீட்டர். மணிக்கு ஐந்து முறை அந்தக் காற்று முழுவதும் வடிபட வேண்டுமானால் 170 கன மீட்டர் தேவை. அதற்குக் குறைந்ததை அந்த அறையில் வைத்துப் பயனில்லை. பதில் வடிகட்டி என்ன விலை, நம் ஊரில் கிடைக்குமா என்பதையும் யந்திரம் வாங்கும் அன்றே விசாரித்துக்கொள்வது நலம்.

அதற்கும் முன்னால் செய்யவேண்டிய காரியம் ஒன்று உண்டு. அதற்குக் காலணா செலவில்லை. கதவு ஜன்னலை அடைத்து, ஏ.ஸி.யைப் போட்டு, கட்டிலுக்கடியில் கொசுவர்த்திச் சுருளையும் கொளுத்தி வைக்கும் வீடுகள் எத்தனை! 2003-இல் வெளியான ஓர் ஆராய்ச்சியில், ஒரு சுருள் எரிந்து முடிவதற்குள் விடும் நுண்தூசி 75 முதல் 137 சிகரெட்டுகள் விடுவதற்குச் சமம் என்று கண்டார்கள். அடைத்த அறைக்குள் அதே புகையைத்தான் யந்திரம் சுற்றிச் சுற்றிக் குளிரவைத்துக் கொடுக்கிறது. கொசுவலை கட்டினால் போயிற்று. ஊதுவத்தியையும் சாம்பிராணியையும் கூடத்தோடு நிறுத்திக்கொள்ளலாம். துடைப்பத்தால் பெருக்கிப் புழுதியைக் கிளப்புவதற்குப் பதில், ஈரத் துணியால் துடைப்பதும் நன்று.

இராயவரம், கோனாப்பட்டு, நச்சாந்துப்பட்டி ஆகிய ஊர்களில் நகரத்தார் கட்டிய வீடுகளில் முற்றம் இருந்தது, உயர்ந்த கூரை இருந்தது. சூடான காற்று மேலே போகவும் புதுக் காற்று உள்ளே வரவும் வழி இருந்தது. நாம் இப்போது கட்டும் பத்தடிச் சதுரப் பெட்டிகளுக்கு அந்த வழி இல்லை. அடைத்த அறையில் நாலு பேர் தூங்கினால், எவ்வளவு உயர்ந்த வடிகட்டி இருந்தாலும் அவர்கள் விட்ட கரியமில வாயு அங்கேயேதான் இருக்கும். அதைப் பிடிக்க எந்த வலையாலும் ஆகாது. ஆகவே விடியற்காலையில் யந்திரத்தை நிறுத்தி ஜன்னல்களை அரைமணி நேரம் திறந்து வையுங்கள். ஆதனக்கோட்டைப் பக்கத்தில் இருப்பவர்கள் மட்டும் முந்திரிக்கொட்டை வறுக்கும் அடுப்புகள் மூளுவதற்கு முன்பே அதைச் செய்துவிட்டு, புகை கிளம்பும் நேரத்தில் சாத்திக்கொள்ளவேண்டும்.