யூரின் ட்யூப் போட்டிருக்காங்களா? பை எங்கே தொங்குதுன்னு பாருங்க!

கோட்டக்குப்பத்தில் யாருக்காவது உடம்பு ரொம்ப முடியலைன்னா கோரிமேடு ஜிப்மர், இல்லைன்னா முண்டியம்பாக்கம் அரசு மருத்துவமனை. பக்கவாதம், பெரிய ஆபரேஷன் என்று அட்மிட் ஆகிறவர்களில் பலருக்கு சிறுநீர் போக ட்யூப் போடுவார்கள். அது உள்ளே இருக்கும் ஒவ்வொரு நாளும் சிறுநீரில் கிருமி சேரும் வாய்ப்பு 3 முதல் 7 சதவீதம் வரை கூடும்.

ட்யூபின் சுவரில் கிருமிகள் பாசி மாதிரி படலம் கட்டிக்கொள்ளும். ஆன்டிபயாடிக் அதற்குள் சரியாக இறங்காது. முன்கூட்டியே மாத்திரை போட்டுக்கலாமே என்றால், அதுவும் தப்பு. மருந்துக்கு அடங்காத கிருமிதான் மிஞ்சும்.

கூட இருப்பவர்கள் கவனிக்க வேண்டியது பையைத்தான். இடுப்புக்குக் கீழே தொங்கணும், தரையில் படக்கூடாது. ஸ்கேனுக்கு ஸ்ட்ரெச்சரில் தள்ளிக்கொண்டு போகும்போது பையைத் தூக்கி நோயாளியின் வயிற்றிலேயே வைத்துவிடுவது சர்வசாதாரணம். பையில் தேங்கிய சிறுநீர் அப்படியே திரும்ப உள்ளே போகும். கிளம்பும் முன்னாடியே பையை காலி செய்யச் சொல்லுங்க. ட்யூபும் பையும் சேரும் இடத்தை நீங்களாகக் கழற்றவே கூடாது. தொடுவதற்கு முன்னாலும் பின்னாலும் கை கழுவணும்.

ரவுண்ட்ஸ் வரும் டாக்டரிடம் தினமும் ஒரு கேள்வி கேளுங்க: "ட்யூப் இன்னும் தேவையா டாக்டர்?" ஆபரேஷன் ஆன பலருக்கு 24 மணி நேரத்துக்குள் எடுத்துவிடலாம். பெட்ஷீட் நனையுதே என்பதற்காக மட்டும் விட்டுவைக்கச் சொல்லாதீங்க. குளிர் காய்ச்சல், அடிவயிற்று வலி, வயதானவர்களுக்கு திடீர் குழப்பம் வந்தால் உடனே நர்ஸிடம் சொல்லணும்.